கேர் உப்புமாவிலிருந்து மூன்று சென்டிமீட்டர் கல் வரை

கம்பைநல்லூருக்கு தருமபுரியிலிருந்து நேராக பஸ் உண்டு. சென்னை–சேலம் ரயில் பாதையில் மொரப்பூரில் இறங்கியும் போகலாம். நான் மொரப்பூர் வழியாகப் போனேன். அங்கே இறங்குகிறவர்கள் கவனிக்காமல் கடந்துபோகும் செய்தி ஒன்று உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒரு குறுகிய ரயில் பாதை இருந்தது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1941இல் அதை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். புதிய பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். ரயில் இன்னும் ஓடவில்லை. எங்கோ நடக்கும் சண்டைக்கு இந்த வறண்ட பூமி கப்பம் கட்டுவது புதிதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

2025 செப்டம்பர் கடைசி. கையிலிருந்த நாளிதழின் முதல் பக்கத்தில், எச்1பி விசாவுக்கு இனி ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் அறிவித்த செய்தி. உள்பக்கத்தில் திருப்பூர்ப் பின்னலாடைக்கும் தூத்துக்குடி இறாலுக்கும் 50 சதவீத வரி விழுந்த புலம்பல். திருப்பூரைப் பற்றி எழுத நூறு பேர் இருக்கிறார்கள். கமலா ஹாரிஸின் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தில் அவருக்காகப் பூஜை நடந்தபோது கேமராக்கள் வரிசை கட்டின. அமெரிக்காவோடு எந்தச் சம்பந்தமும் இருப்பதாக யாரும் நினைக்காத ஒரு பேரூராட்சியில் அமெரிக்கா எங்கே தட்டுப்படுகிறது என்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் தட்டுப்பட்டது சாலையோரத்தில்தான். மழைக்குப் பிறகு இடுப்புயரம் வளர்ந்து, வெள்ளைப் பூ தலைகாட்டி நிற்கும் பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஐம்பதுகளில் அமெரிக்கக் கோதுமை மூட்டைகளோடு அதன் விதை வந்தது என்பது நாடு முழுக்க நிலைத்துவிட்ட நம்பிக்கை. அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே இருந்தது என்று சொல்லும் தாவரவியலாளர்களும் உண்டு. எது உண்மையோ, விவசாயிக்கு அரிப்பும் ஆஸ்துமாவும் உண்மை. வட இந்தியாவில் இதற்குக் ‘காங்கிரஸ் புல்’ என்று பெயர். ஆளும் கட்சியையும் அமெரிக்கக் கோதுமையையும் ஒரே செடியில் முடிச்சுப்போட்ட அந்த வசவுக்காரர் யாரோ, அவருக்கு நல்ல அரசியல் அறிவு.

கம்பைநல்லூர் சின்ன ஊர். பழைய சிவன் கோயில், கடைவீதி, தென்பெண்ணையில் போய்ச் சேரும் ஆறு, அதைச் சுற்றிப் புளியும் மாவும் ராகியும். டீக்கடை பெஞ்சில் எழுபதைத் தாண்டிய ஒருவர் என் கையிலிருந்த பேப்பரைக் கேட்டு வாங்கினார். விசா செய்தியைப் படித்துவிட்டு, “நம்ம சனத்துல கூட நாலஞ்சு பசங்க அங்க இருக்கறாங்க. இனிமே போறவன் பாடு கஷ்டந்தான்” என்றார்.

நான் பேச்சை வேறு பக்கம் திருப்பினேன். “ஐயா, நீங்க படிச்சப்ப பள்ளிக்கூடத்துல சாப்பாடு போட்டாங்களா?”

“போட்டாங்க தம்பி. கேர் உப்புமா. மஞ்சளா இருக்கும். மக்காச்சோள மாவு. அது உப்புமாவா களியான்னு வாத்தியாருக்கே தெரியாது. பால் பவுடரைக் கரைச்சு அண்டாவுல வெச்சிருப்பாங்க. எண்ணெய் டின்னுல ரெண்டு கை குலுக்குற படம் போட்டிருக்கும்.”

“நல்லா இருக்குமா?”

“பசிச்ச வயித்துக்கு என்ன தம்பி, நல்லாத்தான் இருந்தது. ராகிக் களி தின்னு வளர்ந்த நாக்குக்கு அது ஒட்டலை, அவ்வளவுதான்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “காலி டின்னு மட்டும் யார் வீட்டுக்குப் போச்சுன்னு கேட்காதீங்க” என்று சிரித்தார்.

அந்தக் கைகுலுக்கும் படம் அமெரிக்க உதவியின் முத்திரை. காமராஜர் 1956இல் தொடங்கிய பள்ளி மதிய உணவு ஊராருடைய நன்கொடையில் ஓடிக்கொண்டிருந்தது. 1961 முதல் அமெரிக்கத் தொண்டு நிறுவனமான கேர் அதற்குள் வந்தது. பால் பவுடர், மக்காச்சோள மாவு, கோதுமை ரவை, எண்ணெய் எல்லாம் கப்பலில் வந்தன. அந்தத் தானியத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. 1954இல் அமெரிக்க அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட பொதுச்சட்டம் 480. நம் ஊர்ப் பேச்சில் பிஎல் 480. அமெரிக்க விவசாயி விளைவித்து விற்க முடியாமல் கிடந்த உபரியை, டாலர் இல்லாத நாடுகளுக்கு அவர்களுடைய பணத்திலேயே விற்பது அதன் ஏற்பாடு. அவர்களுடைய களஞ்சியம் காலியாகும், விலை சரியாது, வாங்கும் நாடு சோவியத் பக்கம் சாயாது. ஒரே மூட்டையில் மூன்று வேலை. இதில் தர்மம் இல்லையென்று சொல்லமாட்டேன். கணக்கும் இருந்தது.

1960 மே மாதம் போட்ட ஒப்பந்தத்தில் மட்டும் நான்கு ஆண்டுகளுக்கு 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமை, 10 லட்சம் டன் அரிசி என்று பேசி முடித்தார்கள். அந்தச் சுகத்தில் டெல்லி விவசாயத்தை மறந்தது. 1965இல் மழை பொய்த்தது. 1966இலும் பொய்த்தது. 8 கோடியே 90 லட்சம் டன்னாக இருந்த தானிய விளைச்சல் 7 கோடியே 20 லட்சத்துக்கு இறங்கியது. 1966இல் ஏறத்தாழ ஒரு கோடி டன் வெளியிலிருந்து வந்துதான் நாடு உயிர் பிழைத்தது.

அந்த ஆண்டுகளில்தான் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் கயிற்றைச் சுருக்கினார். நீண்டகால ஒப்பந்தம் கிடையாது. மாதக் கணக்கில் பார்த்துத்தான் தானியம். இந்தியாவுக்கு எப்போது, எவ்வளவு கோதுமை போக வேண்டும் என்பதை வெள்ளை மாளிகையில் அவரே உட்கார்ந்து முடிவு செய்தார். விவசாயத்துக்குப் பணம் ஒதுக்கு என்பது ஒரு நிபந்தனை, அது நியாயமானதும்கூட. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு டாலருக்கு 4.76இலிருந்து 7.50ஆக இறக்கப்பட்டதிலும் வெளி நெருக்கடிக்குப் பங்குண்டு. ஆனால் ஜான்சனின் கோபத்துக்கு இன்னொரு காரணம் வியட்நாம். அடுத்த மாதமே, ஜூலையில், இந்திரா காந்தி மாஸ்கோவுக்குப் போய், வியட்நாம் மீது குண்டு வீசுவதை நிறுத்த வேண்டும் என்று கூட்டறிக்கை விட்டார். வாஷிங்டன் கொதித்தது. கப்பல்கள் தாமதமாயின. வியட்நாமில் விழும் குண்டுக்கும் கம்பைநல்லூர்ப் பள்ளிக்கூடத்து அண்டாவுக்கும் நடுவில் இப்படியொரு கயிறு இருந்தது என்பதை அந்த அண்டா முன்னால் தட்டேந்தி நின்ற பிள்ளைகளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

இங்கே நம்மவர் ஒருவரைச் சொல்ல வேண்டும். அப்போது மத்திய உணவு அமைச்சர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க விவசாய அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமேனோடு உட்கார்ந்து, என்னென்ன சீர்திருத்தம் செய்வோம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். இந்தியா பணிந்தது என்று எதிர்க்கட்சிகள் ஏசின. அவர் ஏற்கெனவே செய்ய நினைத்திருந்ததற்கு அமெரிக்கக் கோபத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டார் என்பதே சரியான வாசிப்பு. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்திறங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் போன்றவர்கள் அதை வயலுக்குக் கொண்டுபோனார்கள். சில ஆண்டுகளில் நாடு தன் சோற்றைத் தானே விளைவித்தது. ஆனால் அதுவரை ஊர் காத்திருக்கவில்லை. 1967 பிப்ரவரித் தேர்தலில் சென்னை மாநிலத்தில் அரிசிதான் பேச்சு. ரூபாய்க்கு மூன்று படி என்று தி.மு.க. சொன்னது. காங்கிரஸ் கவிழ்ந்தது, சுப்பிரமணியமும் தோற்றார். தமிழ்நாட்டில் காங்கிரஸ் விழுந்த கதையில் இந்தி எதிர்ப்பைப் பேசுகிறோம், அண்ணாவின் பேச்சைப் பேசுகிறோம். வாஷிங்டனில் தாமதமான கப்பல்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

கோதுமைக்காக நாம் கட்டிய ரூபாய் அமெரிக்கக் கணக்கில் மலையாகக் குவிந்தது. செலவழிக்க வழியில்லாமல், 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹான் அதில் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலை எழுதி இந்தியாவிடம் திருப்பிக் கொடுத்தார். உலகத்திலேயே பெரிய காசோலை என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

கம்பைநல்லூரில் ரேஷன் கடையைத் தாண்டி நடந்தேன். தருமபுரி மாவட்டத்தில் 2023 மே முதல், கேட்கிறவர்களுக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி கொடுக்கிறார்கள். நீலகிரியிலும் இந்த மாவட்டத்திலும்தான் முதலில் தொடங்கினார்கள். ராகி தின்ற பிள்ளைகளுக்கு மஞ்சள் மாவு கொடுத்த காலத்திலிருந்து ராகிக்கே திரும்ப அறுபது ஆண்டு ஆகியிருக்கிறது. கைகுலுக்கும் முத்திரையைச் சுமந்த யூஎஸ்எய்ட் அமைப்பை 2025 ஜூலையோடு டிரம்ப் அரசு இழுத்து மூடியது. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டின் நெடுஞ்சாலைகளில் லாரி ஓட்டுனர்களிடையே எய்ட்ஸ் தடுப்பு வேலை நடந்ததற்கு அந்தப் பணமும் ஒரு காரணம். தருமபுரி வழியே போகும் சாலையில் ஓடியவர்களுக்கு அது உயிர் காத்த காசு. மூடியபோது நம் பக்கம் ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

ஊரைத் தாண்டினால் மாந்தோப்புகள். செப்டம்பரில் பழம் கிடையாது. மரங்கள் சும்மா நிற்கின்றன. இங்கே பெரும்பாலும் பெங்களூரா, அதாவது கிளிமூக்கு. தின்பதைவிட கூழ் எடுக்க உகந்த ரகம். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைகள் அரைத்துத் தகரத்தில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகின்றன. 2025 பருவத்தில் கிலோ நாலு, ஐந்து ரூபாய்க்கு இறங்கி, பறிக்கிற கூலிகூடக் கட்டாமல் மரத்திலேயே விட்டவர்கள் உண்டு.

மாம்பழத்துக்கும் அமெரிக்காவுக்கும் ஒரு வேடிக்கையான பழங்கதை இருக்கிறது. 1989 முதல் இந்திய மாம்பழம் அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது, வண்டுப் பயம். 2006 மார்ச்சில் அணுசக்தி ஒப்பந்தம் பேச டெல்லி வந்த அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், இந்திய மாம்பழம் சாப்பிடக் காத்திருப்பதாகச் சொன்னார். நாசிக் அருகே லாசல்காவ்ன் நிலையத்தில் கதிர்வீச்சு காட்டிய பழம் 2007 ஏப்ரலில் விமானம் ஏறியது. பதிலுக்கு ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளுக்கு இந்தியா கதவைத் திறந்தது. பழத்துக்கு பைக். பிறகு அதே ஹார்லிக்கு இந்தியா விதித்த வரியை டிரம்ப் மேடைக்கு மேடை சொல்லிக் காட்டினார். கம்பெனியே 2020இல் ஹரியானா ஆலையை மூடிவிட்டுக் கிளம்பியது.

தோப்பில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் இதைச் சொன்னேன். “அங்க போனது நம்ம பழமாங்க?” என்று கேட்டார். போனது அல்போன்சாவும் கேசரும். மகாராஷ்டிரத்துப் பழமும் குஜராத்துப் பழமும். கிளிமூக்குக்கு அந்த விமானத்தில் இடமில்லை. “அப்புறம் நமக்கென்ன” என்று மடையை மாற்றப் போய்விட்டார். இந்திய–அமெரிக்க உறவு குறித்து நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு சுருக்கமான விமர்சனம் இல்லை.

மறுநாள் ஞாயிறு. போச்சம்பள்ளிச் சந்தையில் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுப் பர்கூர்ப் பக்கம் போனேன். கிருஷ்ணகிரியும் பர்கூரும் ஜெகதேவியும் கிரானைட் பூமி. பாரடைசோ என்று இத்தாலியப் பெயர் சூட்டப்பட்ட, ஊதாக் கோடு நெளியும் கல் இந்தப் பகுதியின் குன்றுகளிலிருந்துதான் உலகத்துக்குப் போகிறது. சாலையோர யூனிட் ஒன்றில் வாட்டர் டேங்க் நிழலில் மேற்பார்வையாளர் உட்கார்ந்திருந்தார். ஞாயிறு என்பதால் இயந்திரம் நின்றிருக்கிறது என்று நினைத்தேன். சனிக்கிழமையும் ஓடவில்லை என்றார்.

பாளங்கள் ஏ வடிவச் சட்டத்தில் சாய்த்து அடுக்கப்பட்டிருந்தன. சில தடித்தவை, சில மெல்லியவை. “தடிச்சதெல்லாம் அமெரிக்கா சரக்குங்க” என்றார். அமெரிக்க வீடுகளில் சமையலறை மேடைக்கு மூன்று சென்டிமீட்டர் கனம்தான் வழக்கம். நம் ஊரில் இரண்டுக்குள் முடித்துவிடுவார்கள். எனவே அவர்களுக்காக அறுத்த கல்லை இங்கே தள்ளிவிடுவது எளிதல்ல. கூடுதல் கனத்துக்கு யாரும் கூடுதல் காசு தரமாட்டார்கள், லாரி வாடகையும் கட்டாது. அறுத்த கல்லை மீண்டும் மெல்லிசாக்கவும் முடியாது. இதற்கு மேல் அமெரிக்க வரி: 2025 ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம். ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனையாக ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25. அங்கே வாங்குகிறவர் ‘கொஞ்ச நாள் பொறுங்கள், பாதி வரியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்றாராம். கல் நின்றது.

“இது மொத தடவை இல்லைங்க. 2008லயும் நின்னுச்சு” என்றார் அவர். அப்போது லேமன் பிரதர்ஸ் வங்கி கவிழ்ந்தது; தகுதிக்கு மீறிக் கடன் கொடுத்துக் கட்டப்பட்ட அமெரிக்க வீடுகள் ஏலத்துக்கு வந்தன. புது வீடு இல்லையென்றால் புது சமையலறை மேடை இல்லை. அங்கே வேலை போனவனும் கிருஷ்ணகிரியில் கூலி போனவனும் ஒரே கடனின் இரண்டு முனைகள். அந்த முறை தவறு அவர்களுடைய வங்கிகளுடையது. இந்த முறை காரணம் ரஷ்ய எண்ணெய். அந்த எண்ணெயைச் சுத்திகரித்து லாபம் பார்த்தவர்கள் குஜராத் கடற்கரையில் இருக்கிறார்கள். அபராதம் கட்டியது ஜெகதேவியில் பாலிஷ் போடும் ஒடிசா, பீகார்ப் பையன்கள். இந்தியாவைவிட ரஷ்ய எண்ணெயை அதிகம் வாங்கிய சீனாவுக்கு அந்தத் தண்டனை வரி விழவில்லை.

இதே சுற்றுவட்டாரத்தில் இன்னொரு காட்சியும் இருக்கிறது. பர்கூர் சிப்காட்டில் தைவான் நிறுவனம் ஒன்று அமெரிக்கச் சந்தைக்கு விளையாட்டுக் காலணி தைக்கிறது. ஓசூர்ப் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆப்பிளின் ஐபோனுக்குப் பாகம் செய்கிறது. விடியற்காலையில் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் இந்தப் பக்கம் ஓடுகின்றன. 2018இல் டிரம்ப் சீனாவோடு வரிச்சண்டை தொடங்கியது, இப்படிப்பட்ட ஆலைகள் சீனாவை விட்டு வெளியே இடம் தேட ஒரு காரணம். அதாவது இந்தப் பெண்களில் சிலருக்கு மாதச் சம்பளம் வந்ததில் அவருக்கும் ஒரு பங்குண்டு. அதை மறைத்துப் பேசினால் கட்டுரை நேர்மையாகாது. 2025 ஆகஸ்ட் கடைசியில் காலணிக்கும் 50 சதவீதம் விழுந்தது. ஸ்மார்ட்போனுக்கு மட்டும் விலக்கு. 2025 ஏப்ரலிலேயே அதைக் கொடுத்துவிட்டார்கள். போனுக்காக வெள்ளை மாளிகைக் கதவைத் தட்ட ஆப்பிள் இருக்கிறது. கல்லுக்காகவும் இறாலுக்காகவும் தட்ட யார் இருக்கிறார்கள்? ஹூஸ்டனில் 2019இலும் அகமதாபாத்தில் 2020இலும் மோடியும் டிரம்பும் கைகோத்து நின்ற அரங்குகளில் நிறைந்திருந்த கூட்டம் இதற்கு உதவவில்லை.

1966இல் ஒரே கையிலிருந்து வாங்கித் தின்னக் கூடாது என்று நாடு பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரே கைக்கு விற்று வாழக் கூடாது என்பதை இன்னும் தெரிந்துகொள்ளவில்லை. அன்று சுப்பிரமணியம் செய்ததுபோல், அடுத்தவரின் மிரட்டலைச் சாக்காக வைத்து நம் வீட்டைச் சீர்செய்யும் ஆள் இன்று டெல்லியில் தென்படவில்லை. வரியைப் பற்றித் தன்மானப் பேச்சு நிறைய. கல் யூனிட்காரருக்கு வேறு சந்தை பிடித்துக் கொடுக்கும் வேலை குறைவு. மூன்று சென்டிமீட்டராக அறுப்பதை இனி இரண்டாக மாற்றி ஐரோப்பாவுக்கும் வளைகுடாவுக்கும் அனுப்பச் சின்ன முதலாளிக்குக் கடன் வேண்டும், அவகாசம் வேண்டும். கேட்டது கிடைத்ததா என்றேன். மேற்பார்வையாளர் பதிலுக்குத் தேநீர் சொன்னார்.

கம்பைநல்லூர்ப் பெரியவரிடம் கிளம்பும்போது இன்னும் விவரம் கேட்டிருந்தேன். அந்த மாவு எந்த வருஷம் நின்றது? பால் எந்த வகுப்புவரை கிடைத்தது? பஞ்ச காலத்தில் வீட்டில் என்ன தின்றார்கள்? அவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில் இருந்த இளைஞர்கள் முதல்முறையாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜான்சன் எந்தத் தேதியில் எத்தனை டன்னுக்கு ஒப்புதல் கொடுத்தார் என்பது அமெரிக்க ஆவணக்காப்பகத்தில் தாள் தாளாக இருக்கிறது. அதைத் தின்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை நாம்தான் எழுதி வைக்க வேண்டும். உங்கள் ஊரில் அறுபதுகளில் பள்ளிக்கூடம் போனவர்கள் இருந்தால் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய்க் கேளுங்கள். அவர்களில் பலருக்கு இப்போது எழுபதுக்கு மேல் ஆகிறது, தள்ளிப்போடாதீர்கள்.